நாலாவது மாடி அமுதவல்லி

பழவேற்காட்டில் சூரியன் தானாக உதிப்பதில்லை. கிழக்கே கடலுக்குள் கழுத்தளவு நின்றுகொண்டு காத்திருக்கும். அமுதவல்லி எழுந்து வந்து, "யாரு நீ, எங்கேர்ந்து வர?" என்று விசாரித்து, பதில் சரியாக இருந்தால்தான் லைட்ஹவுஸுக்கு மேலே ஏறும். வெளிநாட்டிலிருந்து வரும் பூநாரைகள் ஏரியில் இறங்குவதற்கு முன்னால் அவள் வீட்டுக் கூரையை ஒரு சுற்று சுற்றி முகத்தைக் காட்டிவிட்டுப் போகும். பக்கத்துத் தீவிலிருந்து ராக்கெட் விடுகிறவர்கள் ஒரு தடவை அவளிடம் சொல்லாமல் ஒன்றை மேலே விட்டுவிட்டார்கள். அவள் நிமிர்ந்து ஒரே ஒரு பார்வை பார்த்தாள். அது ஓடிப்போய் மேகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

இதில் பாதி மிகை. மீதிப் பாதிக்கு நடுத்திட்டுக் குப்பம் முழுக்க சாட்சி உண்டு. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தால், "இது எதுக்கு இப்போ சிரிக்குது?" என்று அதன் அம்மாவைக் கேட்பாள். அவள் புருஷன் மாரி ஒரு நாள் ஆசையாக மல்லிப்பூ வாங்கி வந்து கொடுத்தான். அவன் செய்த தப்பு என்னவாக இருக்கும் என்று இரண்டு நாள் ஊர் முழுக்கத் துருவினாள். தப்பு ஒன்றும் அகப்படவில்லை. அதோடு மாரி பூ வாங்குவதை விட்டுவிட்டான்.

அவள் பிழைப்பு அப்படிப்பட்டது. ஏரியிலிருந்து படகு கரைக்கு வந்ததும் இறாலும் நண்டும் கூடையில் ஏற வேண்டும். கூடை தலையில் ஏற வேண்டும். தலை பழவேற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பொன்னேரி பஸ்ஸில் ஏற வேண்டும். நடுவில் எது ஏமாற்றினாலும் மீன் நாறிப்போகும். ஐஸ்காரன் ஏமாற்றுவான். தராசு ஏமாற்றும். எல்லாவற்றையும் விடப் பெரிய ஏமாற்றுக்காரன் பஸ்தான். வரும் என்று நின்றால் வராது, வராது என்று டீ குடிக்கப் போனால் புறப்பட்டுவிடும். வந்தாலும், பின்கதவுப் படிக்குப் பக்கத்தில் கூடை வைக்க இருப்பது ஒரே ஒரு மூலை. அந்த மூலைக்கு அமுதவல்லிக்கும் கோவிந்தம்மாவுக்கும் நடுவே பல வருஷமாகச் சண்டை.

கோவிந்தம்மா அதே குப்பத்துக்காரி. அமுதவல்லியைவிட மூத்தவள், புருஷன் இல்லை. மகன் உதயகுமார் காட்டுப்பள்ளிப் பக்கம் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிடுகிறவன். அவளுக்கு வலது முட்டி வீங்கிப்போய் மடங்காது. அவள் பஸ் ஏறுவதே ஒரு காட்சி. முதலில் கூடை ஏறும், அடுத்து இடது கால், அடுத்து ஒரு கெட்ட வார்த்தை, கடைசியாக வலது கால். அதற்குள் அமுதவல்லி முன்கதவு வழியாக ஏறி வந்து மூலையைப் பிடித்திருப்பாள்.

"நல்லா இருப்பியா நீ?" என்பாள் கோவிந்தம்மா.

"இருக்கேனே, பாத்தா தெரியல?" என்பாள் அமுதவல்லி.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு ஜீப்பில் தெர்மகோல் ஊர் ஒன்று வந்து இறங்கியது.

அம்மன் கோயிலுக்கு முன்னால் மேசை போட்டு அதை வைத்தார்கள். நடுவில் பெரிய பஸ் ஸ்டாண்ட், அதில் தீப்பெட்டி அளவு பஸ்கள். சுற்றிலும் நாலு மாடிக் கட்டடங்கள், பச்சை ஸ்பாஞ்சில் மரங்கள், நகத்தளவு மனிதர்கள். கொண்டு வந்தவர் கலைவாணி என்ற பெண் அதிகாரி. வெயிலில் முகம் சிவந்து நின்றார்.

"பஸ் ஸ்டாண்டைப் பெரிசா கட்டப் போறோம்மா. அங்கேர்ந்து நடக்கிற தூரத்துல நிறைய வீடு வரும். கொஞ்ச இடத்துல நிறைய பேர் குடியிருந்தா நிறைய பேர் பஸ் ஏறுவாங்க. நிறைய பேர் ஏறினா பஸ் அடிக்கடி வரும். உங்க குப்பத்துக்கும் ஒரு கட்டடம் ஒதுக்கியிருக்கு. விருப்பம் இருக்கறவங்க வரலாம்."

"பஸ்ஸு வரணும்னா நாங்க அங்க போய் குந்திக்கணுமா?" என்றாள் அமுதவல்லி. "இப்பவே அங்கதான மேடம் குந்திகினு கீறோம். வருதா?"

கூட்டம் சிரித்தது. அமுதவல்லி சிரிக்கவில்லை. மேசையை மூன்று பக்கமும் சுற்றி வந்து குனிந்து அந்த நகத்தளவு மனிதர்களைப் பார்த்தாள்.

"இம்மாம் பெரிய ஊர்ல ஒரு பொம்பள தலையிலயாவது கூடை இருக்குதா பாருங்க. கூடை இல்லாத ஊருக்கு எங்கள எதுக்குக் கூப்பிடறாங்க?"

"அது சும்மா பொம்மைம்மா," என்றார் கலைவாணி.

"பொம்மைக்கே வெக்கல. எங்களுக்கு வெப்பாங்களா?"

அடுத்த தடவை வந்தபோது ஒரு பொம்மையின் தலையில் துளியூண்டு தெர்மகோல் ஒட்டியிருந்தது. ஊரே மகிழ்ந்தது. அமுதவல்லிக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. கேட்டதை உடனே கொடுக்கிறவர்கள் கேட்காத எதையோ எடுக்கப் போகிறார்கள் என்பது அவள் கணக்கு.

ஆனாலும் குப்பத்தில் பெரும்பாலோர் சரி என்றார்கள். காரணம் எளிது. ஐப்பசி, கார்த்திகை வந்தால் ஏரித்தண்ணீர் யாரையும் கேட்காமல் வீட்டுக்குள் வந்து அடுப்பில் உட்கார்ந்துகொள்ளும். சுவரெல்லாம் உப்பு அரித்து, ஆணி அடித்தால் சுவர் ஆணியோடு வந்துவிடும். அமுதவல்லியும் சரி என்றாள். எல்லோரும் போய்விட்டு அவளை மட்டும் விட்டுவிட்டால், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறதோ என்ற பயம்.

யாருக்கு எந்த வீடு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றார் கலைவாணி. ஊர்த் தலைவர் தமிழ்வாணன் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"அது எங்க வழக்கம்தான் மேடம். எங்க நைனா காலத்துக்கும் முந்தி இருந்தே ஏரில பாடு போடறது சீட்டுலதான்."

ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி படாது. வாய்க்கால் ஓரம் வலை கட்டினால் கூடை நிறையும், மேட்டில் கட்டினால் பாசிதான் வரும். அதனால் அந்த இடங்களுக்குப் பாடு என்று பெயர் வைத்து, அம்மன் முன்னால் சீட்டுப் போட்டு, இன்ன பாடு இன்னாருக்கு என்று பிரித்துக்கொள்வார்கள். கெட்ட பாடு விழுந்தவன் முகம் சுளிக்க மாட்டான். முறை மாறும். இன்று மேட்டில் இருப்பவனுக்கு நாளை வாய்க்கால் வரும். அந்தத் தைரியத்தில்தான் குப்பத்தில் வெட்டுக்குத்து இல்லாமல் இருக்கிறது.

குலுக்கல் நாளன்று அமுதவல்லி பெரிய வேலை செய்தாள். சீட்டுப் போடும் குடத்தைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு சீட்டும் ஒரே மாதிரி மடித்திருக்கிறதா என்று பார்த்தாள். சீட்டு எடுக்க வந்த சின்னப் பிள்ளையின் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டாள். கலைவாணியின் கைப்பையைக்கூடக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னாள். இத்தனையும் பார்த்தவள், ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. அதை யாருமே கேட்கவில்லை. ஏரியில் நாளைக்குத் தண்ணீர் இருக்குமா என்று யாராவது கேட்பார்களா?

அமுதவல்லிக்குத் தரை வீடு விழுந்தது. கதவைத் திறந்தால் நேரே பஸ் ஸ்டாண்ட். கோவிந்தம்மாவுக்கு நாலாவது மாடி.

"போய் மேல குந்திகினு காத்து வாங்கு," என்றாள் அமுதவல்லி, பல்லெல்லாம் தெரிய. "அடுத்த மொறைக்கு எறங்கி வரலாம்."

"ஏறுவேன்டி. அடுத்த மொற நீ ஏறச்சொல்ல நான் கீழ குந்திகினு சிரிக்கறேன் பாரு," என்றாள் கோவிந்தம்மா. அவளும் கவலைப்படவில்லை.

பெயர்களைப் பதிந்துகொண்டு கலைவாணி புறப்படும்போது கோவிந்தம்மாதான் போகிற போக்கில் கேட்டாள். "மேடம், மொற எப்போ மாறும்? வருசத்துக்கு ஒரு தபாவா?"

"என்ன முறைம்மா?"

"மேல் வூடு, கீழ் வூடு. எப்போ மாத்திப் போடுவீங்க?"

கலைவாணிக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் முகம் மாறிவிட்டது. "மாத்தமாட்டோம்மா. விழுந்த வீடு விழுந்ததுதான். உங்களுக்கே சொந்தம், கடைசி வரைக்கும்."

எல்லோரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். மூன்றாவது மாடிக்காரன் தமிழ்வாணன் சட்டையைப் பிடித்தான். சீட்டே செல்லாது என்றார்கள் மேலே விழுந்தவர்கள். அம்மன் முன்னால் போட்ட சீட்டைச் செல்லாது என்பதா என்று கொதித்தார்கள் கீழே விழுந்தவர்கள். கடைசியில் கலைவாணி, கட்டட வேலை தொடங்குவதற்கு முன்னால் இரண்டு பேர் மனம் ஒத்து மாற்றிக்கொண்டால் தான் மாற்றிப் பதிவதாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். மனம் ஒத்துத் தரை வீட்டைக் கொடுக்கிற முட்டாள் யார் என்று ஆளாளுக்கு முணுமுணுத்தபடி கலைந்தார்கள்.

அன்றிலிருந்து அமுதவல்லிக்கு ஊரே திருடர்கள். யார் வணக்கம் சொன்னாலும் தரை வீட்டுக்கு அடிபோடுகிறான் என்று தோன்றியது. மூன்றாவது மாடிக்காரன் பெண்டாட்டி ஒரு கிண்ணம் நண்டுக் குழம்பு கொண்டு வந்தாள். அமுதவல்லி வாசலிலேயே நிறுத்தி, "குழம்பும் வேணாம், மாடியும் வேணாம்," என்று அனுப்பினாள். மாரி அந்தக் கிண்ணம் திரும்பிப் போவதைக் கண்ணால் கடைசி வரை வழியனுப்பினான்.

ஒருத்தி மட்டும் வந்து கேட்கவே இல்லை. கோவிந்தம்மா. பஸ்ஸில் மூலைக்கும் சண்டை போடவில்லை. அதுதான் அமுதவல்லியைத் தூங்கவிடாமல் செய்தது. சண்டை போடுகிற எதிரியை நம்பலாம். சும்மா இருக்கிறவள் ஏதோ செய்கிறாள்.

ஒரு மத்தியானம், ஊர் சாப்பிட்டு அயர்ந்த நேரத்தில், கோவிந்தம்மா காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்துவிட்டு நடப்பதை அமுதவல்லி கண்டாள். 'தலைவர் வூட்டுக்குப் போறா. பையன் காசு அனுப்பி இருப்பான். சீட்ட மாத்தப் பாக்கறா.' காய்ந்த வலைக்குப் பின்னால், படகுக்குப் பின்னால், சீமைக்கருவேல முள்ளுக்குப் பின்னால் என்று ஒளிந்து ஒளிந்து பின்தொடர்ந்தாள்.

கோவிந்தம்மா தலைவர் வீட்டுப் பக்கமே திரும்பவில்லை. புயல் வந்தால் ஊர் போய்த் தங்கும் பாதுகாப்புக் கட்டடத்துக்குப் போனாள். புயல் இல்லாத நாளில் அங்கே ஆடுகள்தான் இருக்கும். குப்பத்தில் மாடிப்படி உள்ள ஒரே கட்டடம் அது.

காலிக் கூடைக்குள் இரண்டு கல்லை எடுத்துப் போட்டாள். தலையில் தூக்கி வைத்துக்கொண்டு படியில் ஏறினாள். இடது கால், கெட்ட வார்த்தை, வலது கால். இடது கால், கெட்ட வார்த்தை, வலது கால். படி திரும்புகிற இடம் வந்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். முட்டியை இரண்டு கையாலும் பிசைந்தாள். "ஏறேன், சனியனே," என்று காலைப் பார்த்துக் கெஞ்சினாள். மூக்கைச் சிந்தினாள். மறுபடி கூடையைத் தூக்கினாள். இரண்டாவது திருப்பத்துக்கு அவள் போகவில்லை. கல்லைக் கொட்டிவிட்டு, உட்கார்ந்த வாக்கிலேயே ஒவ்வொரு படியாக நழுவி நழுவி இறங்கினாள்.

தூணுக்குப் பின்னால் நின்றிருந்த அமுதவல்லி வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். பிறகு வந்த வழியே ஓசைப்படாமல் திரும்பிவிட்டாள். வீட்டுக்கு வந்து மாரியைக் காரணம் இல்லாமல் திட்டினாள். பார்த்ததை அவனிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் பஸ் திருப்பாலைவனம் தாண்டும்போது ஆரம்பித்தாள்.

"மாத்திக்கலாமா?"

"எத?" என்றாள் கோவிந்தம்மா.

"வூட்ட. நீ கீழ வா, நான் மேல போறேன்."

கோவிந்தம்மா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள். "கீழ இன்னா கீது?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததையா நீ தூக்கிக் குடுப்ப? சாக்கட மூடி வாசல்ல வருதா? பாம்பா? இன்னான்னு சொல்லு."

"நல்ல மனசோட சொல்றேன்க்கா."

"உனுக்கா?" என்றாள் கோவிந்தம்மா. பஸ்ஸே சிரித்தது. டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் சிரித்ததில் ஒரு டிக்கெட் தப்பாகக் கிழிந்தது. "பத்து வருசமா ஒரு கூடை எடம் குடுக்காதவ, வூடு குடுக்கறாளாம். உஷாரு இல்லாதவ எவளாவது இருந்தா போய்ச் சொல்லு."

அமுதவல்லிக்கு முதல் முறையாக ஒரு விஷயம் புரிந்தது. ஆயுசு முழுக்க எல்லோரையும் சந்தேகப்பட்டால், ஒரு நல்லது செய்ய வேண்டி வரும்போது நம்புவதற்கு ஆள் இருக்காது. முட்டிக்காகத்தான் என்று சொல்லவும் முடியாது. சொன்னால் படிக்கட்டில் பார்த்ததைச் சொல்ல வேண்டும். அந்த இரக்கத்தை வாங்கிக்கொள்வதைவிடக் கோவிந்தம்மா நாலு மாடியும் நழுவி நழுவியே ஏறி இறங்குவாள், இறங்கி வந்து மூஞ்சியில் துப்பவும் செய்வாள்.

நல்ல மனசை நம்பாதவர்கள் கெட்ட மனசைக் கண்டிப்பாக நம்புவார்கள். அமுதவல்லி கெட்டவளாகவே போவது என்று முடிவு செய்தாள்.

தமிழ்வாணனிடம் போய், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டு சொன்னாள். தமிழ்வாணனிடம் அப்படிச் சொன்னால் மைக் வைத்துச் சொன்ன மாதிரி.

"தலைவரே, நாலாவது மாடிக்கு மேல இன்னா இருக்குது? மொட்டமாடி. மேல இருக்கறவளுக்குத்தான் அது கைக்கெட்டற தூரம். இம்மாம் பெரிய மொட்டமாடில கருவாடு காயப்போட்டா நாய் வராது, மண்ணு ஒட்டாது, வெயிலு பூராவும் நமக்கு. அந்தக் கோயிந்தம்மாவுக்கு அது இன்னும் வெளங்கல. வெளங்கறதுக்கு முன்ன மாத்திக்கணும். வாயத் தொறந்துறாதீங்க."

மொட்டைமாடி எல்லோருக்கும் பொது என்று கலைவாணி சொல்லியிருந்தது அவளுக்குத் தெரியும். கருவாடு காயவைக்க விடுவார்களா என்பது தெரியாது. அது இப்போது முக்கியமில்லை.

அடுத்த பஸ்ஸுக்குள் செய்தி கோவிந்தம்மாவிடம் வந்துவிட்டது. பஸ் படிக்கட்டுக்குப் பக்கத்தில் கூடையோடு நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"நல்ல மனசு, இல்ல? மொட்டமாடி மேல கண்ணு வெச்சிகினு எனுக்குக் கீழ் வூட்ட தானம் பண்ண வந்தியா?"

அமுதவல்லி திருடி அகப்பட்டவள் மாதிரி தலையைக் குனிந்தாள். அந்தக் குனிதலை அவள் நாலைந்து நாளாக யோசித்து வைத்திருந்தாள். "சரிக்கா. தெரிஞ்சி போச்சு. இன்னா குடுத்தா மாத்துவ?"

கோவிந்தம்மா சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் கேட்கிறார்களா என்று பார்த்தாள். கேட்டார்கள். கண்டக்டர் விசில்கூட ஊதவில்லை.

"இந்த மூலை," என்றாள். "இனிமே இது என்னுது. நான் வராத நாள்லகூட நீ வெக்கக்கூடாது."

இதை அமுதவல்லி யோசித்து வைத்திருக்கவில்லை. தரை வீடு போனது போகட்டும், மூலையுமா! ஒரு கணம் நிஜமாகவே வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் முகத்தில் அப்படியே தெரிந்ததால்தான் கோவிந்தம்மா முழுசாக நம்பினாள். அமுதவல்லி தன் கூடையைத் தூக்கி நடுப் பாதையில் வைத்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் அதில் இடித்துத் திட்டிக்கொண்டே போனார்கள். கோவிந்தம்மா மூலையில் கூடையை வைத்துவிட்டு, அமுதவல்லியை ஏமாற்றிய கதையைப் பொன்னேரி வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்த வாரமே கலைவாணி இரண்டு பெயர்களையும் மாற்றிப் பதிந்துகொண்டு போனார்.

மாரிக்குத் தெரிந்தபோது அவன் வலை பின்னுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான்.

"நாலாவது மாடியா? கடைசி வரைக்குமா?"

"ஆமா. காத்து வரும்."

"காத்து இங்கயே வருதே?"

"அது சும்மா வர்ற காத்து. எதுக்கு வருதுன்னு யாருக்குத் தெரியும்?"

மாரி மறுபடி வலையைக் கையில் எடுத்தான். இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டுகிறார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அமுதவல்லி போய்க் குழியை எட்டிப் பார்க்கிறாள். கம்பி போதுமா, சிமெண்ட்டில் மண் கலக்கிறார்களா என்று மேஸ்திரியை நோண்டுகிறாள். அவர் அவளைக் கண்டாலே டீக்கடைக்குப் போய்விடுகிறார். சில சமயம் அவள் நிமிர்ந்து, நாலாவது மாடி வரப்போகிற வெற்று ஆகாயத்தையும் பார்க்கிறாள். ஆகாயம் என்ன தப்பு செய்ததோ.

இதுவரை எழுதியதை, எதிர்வீட்டு சரண்யா கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த அமுதவல்லியிடம் படித்துக் காட்டினாள். பதினொன்றாவது படிப்பதாகப் பேர் உள்ள பிள்ளை அவள். எழுதியவளும் அவளே. கதையில் சூரியன் வந்ததும் அமுதவல்லி, "அடிப் பாவி," என்றாள். மல்லிப்பூ வந்ததும் மாரி இருக்கிறானா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். படிக்கட்டு வந்தபோது கருவாட்டின் மேல் கை அப்படியே நின்றது. கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு கையை மெதுவாகப் புடவையில் துடைத்தாள்.

"கோயிந்தம்மாவுக்கு இத படிச்சிக் காட்டின, கால ஒடச்சிடுவேன்."

"காட்டமாட்டேன் சின்னம்மா."

"அந்தப் புயல் கட்டடத்துல நானும் அவளும்தான இருந்தோம். நான் யார்கிட்டயும் வாயத் தொறக்கல. அவளுக்கு நான் பாத்ததே தெரியாது. அப்ப உனுக்கு எப்பிடித் தெரியும்?"

சரண்யா ஒரு காக்காவை விரட்டினாள். அங்கே காக்கா ஒன்றும் இல்லை.

"ஊர்ல ஒரு சங்கதி உன் வாயில ஒரு நாள் தங்காது. இத மட்டும் இத்தினி மாசம் முழுங்கி வெச்சிகினு இருந்தியா நீ?"

காகிதத்தை மடிப்பது அவ்வளவு கடினமான வேலை போல சரண்யா மடித்துக்கொண்டே இருந்தாள். அமுதவல்லி அவளை மேலும் கீழும் பார்த்தாள். சூரியனைப் பார்க்கிற அதே பார்வை.

"அது பள்ளிக்கூடம் இருக்கற நாளு. அந்த நேரத்துல ஆடுங்களோட நீ அங்க இன்னாடி பண்ணிகினு இருந்த?"